எடத்து மாட்டுப் பக்கம்

விமானம் என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்து பார்த்தவள். கம்பி வேலியின் அடிக்கம்பிக்குக் கீழே, கன்னம் மண்ணில் படக் குனிந்து, அதன் வயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கால்களைப் பார்த்தவள். அந்தக் கால்களில் இரண்டு என் பிள்ளையுடையவை.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். புதுக்கோட்டை இன்னும் சமஸ்தானமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் அன்னவாசலுக்குப் பக்கம். வீட்டுக்காரர் வண்டிக்காரர். ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு, அவ்வளவுதான் சொத்து. கடலை மூட்டை ஏற்றுவார், விறகு ஏற்றுவார். சித்தன்னவாசல் மலையில் சித்திரம் பார்க்க வருகிற துரைமார்கள் அத்தி பூத்தாற்போல ஏறுவார்கள். அந்த வருஷம் மழை இல்லை, கடலை இல்லை, துரையும் இல்லை. வீட்டில் மூன்று பையன்கள். மூத்தவனும் நடுவுலவனும் கஞ்சிச் சட்டியின் அடியை வழிப்பதற்கு மல்லுக்கட்டுவார்கள். சின்னவன் என் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை.

அந்தக் கோடையில் என் நாத்தனார் கொழும்பிலிருந்து வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் புருஷனுக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை, நல்ல வியாபாரம். பிள்ளை மட்டும் இல்லை. கோயில் கோயிலாகச் சுற்றி, வைத்தியம் எல்லாம் பார்த்து, அலுத்துப் போயிருந்தார். வந்த நாளிலிருந்து நடுவுலவன் அவர் முந்தானையை விடவில்லை. மூன்று வயசுப் பிள்ளை. பிஸ்கோத்து கொடுத்தார் என்பதற்காக மட்டும் இல்லை, அவன் பேசுகிற பேச்சையெல்லாம் உட்கார்ந்து கேட்டார். எனக்கு எங்கே உட்கார நேரம்?

ஒருநாள் சாயங்காலம், சாணி அள்ளிவிட்டு நான் உள்ளே வருகிறேன், வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"அக்கா, நடுவுலவன நீயே வச்சுக்க."

கொடியில் காய்த்த பூசணிக்காயைக் கொடுப்பது மாதிரி சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கோபக்காரி. அன்றைக்கு நான் பேசின பேச்சைத் தெருவே நின்று கேட்டது. "எம்புள்ள என்ன கன்னுக்குட்டியா, கயித்த மாத்திக் கட்டுறதுக்கு?" என்றேன். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இங்கன இருந்தா செத்துருவான்டி" என்றார்.  பையனுக்கு அப்போதே வயிறு ஊதிக் கை கால் குச்சியாகியிருந்தது. தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். மூணு இருக்குல்ல, ஒன்னாவது நல்லா இருக்கட்டும் என்றார்கள். நல்லா இருக்கட்டும் என்று நினைத்துத்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன். வெற்றிலை பாக்கு வைத்து, பையனை மதினி மடியில் உட்கார வைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மதினி நல்ல மனுஷி. அதை நான் மறைக்கக் கூடாது. அன்றைக்கு நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தாத்தா, தம்பி குடுத்துட்டான். ஆனா பெத்தவ நீயி. ஒன் வயிறு எரிஞ்சா அந்தப் புள்ள எங்கிட்டத் தங்காது. கப்பல்ல போனா மண்டபம் கேம்புல நோய் நொடி பாக்கணும்னு புள்ளயவும் சேத்து அடைச்சுப் போட்டுருவாங்கன்னு ஒங்க அண்ணன் ஏரோப்ளான்ல ஏற்பாடு பண்ணிருக்காரு. திருச்சி ஏரோப்ளான் கிரவுண்டுலதான் ஏறணும். நான் படியில கால் வைக்கிற வரைக்கும் ஒனக்கு டைம். நீ வந்து, மதினி, எம்புள்ளயக் குடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. சிரிச்ச மொகமா குடுத்துட்டுப் போறேன். நீ வரலன்னா மனசறிஞ்சு குடுத்தன்னு எடுத்துக்குவேன். அதுக்கப்பறம் யாரும் வந்து கேக்கக் கூடாது. என்னாலயும் தாங்க முடியாது, பாத்துக்க."

ஒங்க அண்ணன் என்றது அவர் புருஷனை. நான் தலையை ஆட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் ஒப்பந்தம். படியில் கால் வைக்கும்வரை.

டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும் என்று மதினி முந்தின நாளே பையனைத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர்களுக்குத் தெரிந்த வீடு இருந்தது. கிளம்பும்போது பையன் காலில் புதுசாகக் கறுப்புச் சப்பாத்து மாட்டிவிட்டார். கொழும்பில் பூட்ஸுக்கு அப்படித்தான் சொல்வார்களாம். அதற்குமேலே நான் போட்ட வெள்ளித் தண்டை கிடந்தது. அவனுக்குச் சப்பாத்து பிடிக்கவில்லை, காலை உதறிக்கொண்டே இருந்தான். "சோத்தாங்கால எடுத்து வைடா தங்கம்" என்று மதினி சொல்ல, வாசற்படியில் வலது காலை எடுத்து வைத்து இறங்கினான். திருவிழாவுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பான். "நீ வல்லியா?" என்று கேட்டான். "பின்னாடியே வாரேன்" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் கஞ்சி காய்ச்சி ஊற்றினேன். கை பழக்கத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன். மூத்தவன் தன் கிண்ணத்தைக் குடித்துவிட்டு மூன்றாவதைப் பார்த்தான். தொடவில்லை. கஞ்சிச் சட்டிக்கு மல்லுக்கட்டின அந்தப் பையன், "அது அவனுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். போய் வண்டியைப் பூட்டினார்.

"கெளம்புடி. போயிக் கூட்டியாந்துருவோம்."

"கஞ்சிக்கு?"

"இருந்தாக் குடிப்போம். இல்லாட்டித் தண்ணியக் குடிச்சிட்டுப் படுப்போம். எந்திரி."

அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தின காலமெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரை மன்னித்தேன். பின்னால் நடந்ததற்கும் சேர்த்து.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கீரனூர் போய் பஸ் பிடிப்பது என்று மாட்டை விரட்டினோம். தெரிந்தவர் வீட்டு வாசலில் வண்டியை அவிழ்த்துப் போட்டார். மாடு கழன்றதும் நுகத்தடி தரையில் போய்ச் சாய்ந்தது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எந்த வண்டியும் அப்படித்தானே நிற்கும்? அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடினோம்.

பெட்ரோல் கிடைக்காத காலம், கரி பஸ். பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி அதில் கரியைப் போட்டு எரித்து ஓட்டுவார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கும். மாத்தூருக்கு முன்னால் ஒரு மேட்டில் நின்றே விட்டது. கிளீனர் இறங்கி, பீப்பாய்க்குப் பக்கத்தில் கைப்பிடியைப் போட்டுச் சுற்று சுற்று என்று சுற்றினார். புகை வந்ததே தவிர பஸ் அசையவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளச் சொன்னார் டிரைவர். ஆம்பிளைகள் தள்ளினார்கள். நானும் போய்க் கையை வைத்துத் தள்ளினேன். "பொம்பளையாளு ஒக்காருத்தா" என்றார் ஒருவர். "எம்புள்ளய ஏரோப்ளான்ல கொண்டு போறாகய்யா, தள்ளுங்கய்யா" என்று நான் கத்தினேன். அதற்கப்புறம் எல்லோரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. வழியெல்லாம் அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மதினி, எம்புள்ளயக் குடுங்க. மதினி, எம்புள்ளயக் குடுங்க. அழாமல் சொல்ல வேண்டும், அவர் மனசு நோகாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரோப்ளான் கிரவுண்டு சாலையை ஒட்டியே இருந்தது. இறங்கி ஓடினோம். ஏரோப்ளான் நிற்கிறது! பொட்டல் நடுவில், வெயிலில் வெள்ளி மாதிரி பளபளத்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் யாரும் ஏறவில்லை. என் உயிர் திரும்பி வந்தது. சாமி, காப்பாத்திட்டப்பா என்று அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

கேட்டில் ஒரு காவல்காரர் இருந்தார். ஏறுகிறவர்கள் கார் வைத்து நேரே உள்ளே போய்விட்டார்களாம், கட்டடத்துக்குள் இருக்கிறார்களாம். பாஸ் இல்லாமல் வேறு யாரையும் விடக்கூடாதாம். நான் அவர் காலைப் பிடித்தேன். ஒரு வார்த்தை போய்ச் சொல்லுங்கய்யா என்றேன்.

"கேட்ட விட்டு நகந்தா எனக்கு வேலை போயிரும்மா. இங்கிட்டு அங்கிட்டு அலையாம வேலி ஓரமா நில்லுங்க. ஏறும்போது சத்தம் போட்டுக் கூப்பிட்டா நல்லாக் கேக்கும். எல்லாரும் லெஃப்ட் சைடாத்தான் ஏறுவாங்க. ஏரோப்ளானுக்கு எடது பக்கம். அதப் பாத்துப் போயி நில்லுங்க."

மனுஷர் நல்லதைத்தான் சொன்னார். வழி அனுப்ப வந்த கூட்டம் ஒன்று கட்டடத்தை ஒட்டின வேலியோரம் நின்றது. நான் அங்கே ஓடப் பார்த்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கிட்டு இல்லடி. நல்லாப் பாரு. எடது பக்கம்னு சொன்னாருல்ல? எடத்து மாட்டுப் பக்கம். தலை எங்கிட்டு இருக்குன்னு பாரு."

பார்த்தேன். இரண்டு பெரிய சக்கரம். ஒரு முனை மேலே தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு முனை சரிந்து தரையோடு தரையாகக் கிடக்கிறது. அவிழ்த்துப் போட்ட வண்டி எப்படி நிற்குமோ அப்படியே நின்றது. நுகத்தடி தரையில், பின்பக்கம் மேலே. காலையில் கீரனூரில் விட்டுவிட்டு வந்த எங்கள் வண்டியும் அப்படியேதான் நின்றது.

"சாஞ்சு கெடக்குல்ல, அதான் முன்பக்கம். அப்பன்னா எடது பக்கம் எது? அந்தாண்ட. கட்டடத்துக்கு அந்தப் பொறம்."

"எல்லாரும் இங்கதான நிக்கிறாக?"

"அவுகளுக்கென்ன, வேடிக்கை பாக்க வந்தவுக. கட்டட நிழல்ல நிக்கிறாக. வாடி."

"அந்தக் காத்தாடி அங்கிட்டுல்ல இருக்கு, தூக்கின பக்கம்?"

"காத்தாடி பின்னாடி இருந்தாத்தான தள்ளும்? முன்னாடி இருந்தா எதுக்காத்து அடிக்காதா?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வாழ்நாள் முழுக்க வண்டியோடு கிடந்த மனுஷர். எந்த மாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் சொன்னால் தப்பாக இருக்குமா? நானும் அவர் பின்னால் ஓடினேன்.

வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவது என்ன சாதாரண தூரமா! ஒடை முள்ளு, கப்பிக் கல்லு, ஒரு வறண்ட வாய்க்கால். காலில் முள் தைத்ததைப் பிடுங்கக்கூட நிற்கவில்லை. ஏரோப்ளானுக்கு நேர் எதிரே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். வந்துவிட்டோம், நேரத்துக்கு வந்துவிட்டோம். கட்டடத்திலிருந்து ஆட்கள் வரிசையாக வெளியே வருவது அப்போதுதான் தெரிந்தது. தூரத்தில் மதினியின் அரக்குச் சேலை தெரிந்தது. பக்கத்தில் குட்டியாக ஒரு உருவம். நான் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன். இந்தப் பக்கமாகச் சுற்றி வருவார்கள், வந்ததும் கூப்பிடலாம் என்று முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

அவர்கள் சுற்றி வரவில்லை. வரிசை நேராக ஏரோப்ளானுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

எங்கள் பக்கத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருந்தன. வாசல் இல்லை, படி இல்லை. ஒரு மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏங்க, வாசல் எங்கங்க?" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க!" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன்.

அப்போது எங்கள் பக்கத்துக் காத்தாடி சுற்ற ஆரம்பித்தது. ஆட்கள் ஏறுகிறது அந்தப் பக்கம் என்பதால் இந்தப் பக்கத்துக் காத்தாடியை முதலில் விடுவார்களாம். அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. புழுதி கிளம்பியது. கிளம்பின புழுதி எல்லாம் தரையில் சாய்ந்து கிடந்த முனையைப் பார்த்துப் பறந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். மாட்டின் குளம்படியில் எழுகிற புழுதி எந்தப் பக்கம் போகும் என்று வண்டிக்காரருக்குத் தெரியாதா? அவர் முகம் செத்துப்போனது.

"ஐயோ ஆத்தா... மொகரை அங்கிட்டு இருக்குடி! வாலத் தலைன்னு நெனச்சுப்புட்டேன்டி!"

கத்திக்கொண்டே வந்த வழியில் ஓடினார். கொஞ்ச தூரம் ஓடி, நேரம் பத்தாது என்று தெரிந்து, திரும்பி வந்து வேலியில் ஏறினார். முள்கம்பியில் வேட்டி மாட்டிக் கிழிந்தது, கையெல்லாம் ரத்தம். அந்தப் பக்கம் குதித்துவிட்டார். எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடி வந்து அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஏரோப்ளானைக் கை காட்டிக் கத்தினார். அவர்கள் காதில் என்ன விழுந்திருக்கும்?

நான் கத்தினேன். மதினி, எம்புள்ளயக் குடுங்க! பஸ்ஸில் சொல்லிப் பார்த்த மாதிரி இல்லை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அந்தக் காத்தாடி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வாயில் புழுதி அடைத்தது.

பிறகுதான் குனிந்தேன்.

ஏரோப்ளான் வயிற்றுக்குக் கீழே இடைவெளி இருந்தது. அதில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. கால்கள் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே மட்டும். பூட்ஸ் கால்கள், செருப்புக் கால்கள், ஒரு வெள்ளைக்காரச்சியின் குதிகால் செருப்பு. ஒவ்வொன்றாகப் படியில் ஏறி மறைந்தன. கூட்டம் குறையக் குறைய மதினியின் அரக்குச் சேலைக் கரை தெரிந்தது. அதை ஒட்டிச் சின்னக் கால் இரண்டு. இடது காலில் சப்பாத்து. வலது காலில் ஒன்றும் இல்லை, உதறிவிட்டிருந்தான். வெறும் காலில் தண்டை மின்னியது. அந்தப் பாதத்தை எத்தனை தரம் எண்ணெய் தேய்த்து நீவியிருப்பேன். கூட்டத்தில் ஆயிரம் கால் இருந்தாலும் எனக்குத் தெரியும்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். மதினியின் கால் ஏறவில்லை.

அது அங்கேயே நின்றது. கட்டடத்துப் பக்கம் திரும்பியது. இரண்டடி அந்தப் பக்கம் போனது, திரும்பி வந்தது. பக்கத்தில் காக்கிக் கால்சட்டை ஒன்று வந்து நின்றது, ஏறச் சொல்லியிருப்பார்கள். மதினி ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சியிருப்பார். எனக்காகத்தான் நின்றார். நான் அந்த வேலிக் கூட்டத்தில் இருக்கிறேனா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால், ஏரோப்ளானுக்கு இந்தப் பக்கம், நான் மண்ணில் கிடந்தேன். இங்கிட்டுத் திரும்புங்க மதினி, கீழ குனிஞ்சு பாருங்க மதினி என்று கையால் தரையை அடித்தேன். எதற்காகக் குனிந்து பார்க்கப் போகிறார்?

சின்னக் கால்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. தூக்கிவிட்டார். வலது காலும் வைக்கவில்லை, இடது காலும் வைக்கவில்லை. அரக்குக் கரை ஒரு படி ஏறியது, இன்னொரு படி, அப்புறம் படியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது.

வீட்டுக்காரரைச் சாயங்காலம்தான் விட்டார்கள். பஸ் பிடித்துத் திரும்பினோம். கீரனூரில் வண்டி அவிழ்த்த கோலத்தில் நுகத்தடி சாய்ந்து நின்றது. அவர் அதைப் பார்த்ததும் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் தடுக்கவில்லை. அடித்துக்கொள்ளட்டும் என்றுதான் நின்றேன். அதற்கப்புறம் கடைசிக் காலம்வரை, அவிழ்த்த வண்டியைக் கவைக்கம்பு முட்டுக்கொடுத்து நுகத்தடி தரையில் படாமல்தான் நிறுத்துவார். 

கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி அனுப்பினோம். வந்தோம், ஏரோப்ளானுக்கு மறுபக்கம் நின்றோம், தெரியாமல் தப்பு நடந்துபோச்சு, பிள்ளையைத் திருப்பிக் கொடுங்க என்று. அவர் கடைக்குப் போய் மதினி புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தார். பையன் நல்லா இருக்கான், ஏறினப்புறம் பேச்சில்லைன்னு முடிவு, இனிமே இதை எடுக்க வேண்டாம் என்று பதில் வந்தது. மதினியை நான் சபித்தேன். வாய் கூசாமல் சபித்தேன். சொன்ன சொல் மாறினவள், நான் வந்ததைத் தெரிந்துகொண்டும் பிள்ளையை அமுக்கிக்கொண்டவள் என்று. பிறகு பாஸ்போர்ட், விசா என்று ஆரம்பித்து அந்தக் கடலுக்கு நடுவிலும் வேலி போட்டுவிட்டார்கள்.

நடுவுலவன் வளர்ந்து, உத்தியோகத்துக்குப் போய், மதினி காலமான பிறகுதான் வந்தான். வாட்டசாட்டமாக வந்தான். வாசலில் பளபளவென்று சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "அத்தை, சுகமா இருக்கீங்களா?" என்றான். முறை அதுதான். அவனுக்கு அத்தையாக இருந்தவர் அம்மாவாகிவிட்டார், நான் அத்தையாகிவிட்டேன்.

சோறு போட்டுவிட்டு அவனிடம் கேட்டேன், "ஏப்பா, ஏரோப்ளான்லேர்ந்து எந்தப் பக்கமா எறங்குன?"

"இதென்ன கேள்வி? எடது பக்கமாத்தான். எல்லா ஊர்லயும் எடதுதான் அத்தை."

"ஏன் அப்புடி?"

அவனுக்கு இதெல்லாம் தெரியும். ஆர்வமாகச் சொன்னான். அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய் இடது இடுப்பில் வாளைக் கட்டியிருப்பானாம். வலது கையால் உருவுவதற்குத் தோதாக. வாள் இடிக்காமல் குதிரையில் ஏற வேண்டுமென்றால் இடது பக்கமாகத்தான் ஏற முடியும். கப்பலிலும் ஆதியில் திசை திருப்புகிற துடுப்பு வலது பக்கம் இருக்குமாம், அதனால் இடது பக்கத்தைக் கரையில் சேர்த்து அந்தப் பக்கமாக ஏறி இறங்குவார்களாம். ஏரோப்ளான் வந்தபோது அதே பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்களாம். "இதுதான்னு சொல்றாங்க. வேற ஒன்னும் பெரிய காரணம் இல்ல" என்று சிரித்தான்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எவனோ ஒருத்தன் இடுப்பில் வாள் தொங்கினதற்கு நான் பிள்ளையைத் தொலைத்தேனா? என் சீமையில் எவன் குதிரை வைத்திருந்தான்? மாட்டு வண்டியில் பின்பக்கமாகத்தானே ஏறுகிறோம், அந்த மாதிரி ஒரு வாசலைப் பின்னால் வைத்திருந்தால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்குமே! பாவிகளா, ஒரு பெரிய காரணமாவது வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

என் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பை நிறுத்தினான். கையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, குனிந்தபடி சொன்னான்.

"அம்மா அடிக்கடி சொல்வாங்க. படிக்கிட்ட கடைசி வரைக்கும் நின்னேன், ஒங்க அத்தை வந்திருந்தா ஒன்னக் குடுத்திருப்பேன், அவ வரல. மனசறிஞ்சுதான் குடுத்தா, அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்னு. சாகுறப்பயும் அதத்தான் சொன்னாங்க." பிறகு நிமிர்ந்து, "ஒருதடவ வந்து பாத்திருக்கலாமே அத்தை" என்றான்.

நாங்கள் சொல்லி அனுப்பினதை மதினியிடம் அவர் புருஷன் சொல்லவே இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதினி அங்கே என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நான் இங்கே அவரைச் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வந்தேன்டா" என்றேன். "நானும் ஒங்கப்பாவும் வந்தோம். அந்தாண்டப் பக்கம் நின்னோம். ஒன் வலது கால்ல சப்பாத்து இல்ல. உதறிட்ட. தண்டை மட்டும் கெடந்துச்சு."

அவன் கை தட்டில் அப்படியே நின்றது.

"ஒத்தச் சப்பாத்துதான் வீட்ல இருந்துச்சு" என்றான். "இன்னொன்னு எங்க தொலைஞ்சதுன்னு அம்மாவுக்கே தெரியாது."

 திரும்பிப் போகிற அன்றைக்குத் திருச்சிவரை நானும் போனேன். இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு சரியான பக்கத்தில் நின்றேன். படி தெரிந்தது. முழு உருவமாக அவன் தெரிந்தான். படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பி, "வாரேன் அத்தை" என்று கையை ஆட்டினான். காத்தாடிச் சத்தம் எல்லாம் அந்தப் பக்கம்தான். இங்கிருந்து கூப்பிட்டால் நன்றாகக் கேட்டிருக்கும்.

"மதினி, எம்புள்ளயக் குடுங்க" என்று நான் மெதுவாகச் சொன்னேன். கொடுப்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.